ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல்

ஏப்ரல் 22, திங்கள்

பன்னிரண்டரை! தப்பாக வகுத்துவிட்டேனோ என்று மறுபடியும் போட்டுப் பார்த்தேன். அதே பன்னிரண்டரைதான். வாங்கிய நாளிலிருந்து லிட்டருக்குப் பதினேழுக்குக் கீழே இறங்காத வண்டி இது. மார்ச் கடைசி வரைக்கும் ஒழுங்காகத்தான் இருந்தது. ஏப்ரல் பிறந்ததும் பதினைந்து, பதினாலு என்று சரிந்து இன்றைக்கு இந்த இடத்தில் வந்து நிற்கிறது.

டேங்க்கை வழிய நிரப்பு. கிலோமீட்டரைக் குறித்துக்கொள். அடுத்த திங்கள் மறுபடியும் வழிய நிரப்பு. ஓடிய தூரத்தைப் பிடித்த லிட்டரால் வகு. இதில் தப்பு வர வழியே இல்லை. முப்பத்து மூன்று வருஷம் கருவூலத்தில் உட்கார்ந்து ஊரில் உள்ள அரசு ஜீப்புகளின் டீசல் பில்லையெல்லாம் பிரித்து மேய்ந்தவள் நான். என் மேஜைக்கு வந்த பில் பாதி திரும்பித்தான் போகும். என் சொந்த வண்டியிலேயே எனக்குத் தண்ணி காட்டுகிறார்களா?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "வெயிலுக்கு ஆவியாப் போயிருக்கும் சாந்தா" என்றார். கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன் சொல்லும் பதில் இது. டேங்க்குக்கு மூடி என்று ஒன்று இருக்குதுங்க என்றேன். அதற்கும் தலையை ஆட்டினார். இவரோடு சண்டை போடுவதும் தலையணையோடு சண்டை போடுவதும் ஒன்று.

ஏப்ரல் 23, செவ்வாய்

நாலு டயருக்கும் காற்று பார்த்தேன். சரியாக இருக்கிறது. மாவு ஆட்டியாயிற்று. மாடியில் மிளகாய் காயப்போட்டதை எடுக்க மறந்து, போய்ப் பார்த்தால் பாதியைக் காற்று கொண்டுபோய்விட்டது.

ஏப்ரல் 26, வெள்ளி

சூரம்பட்டி நால் ரோட்டில் ஷாஜகான் பாய் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினார். கொஞ்சம் மண் கொட்டியது. புதிதாக மாட்டினார். பிளக்குகளையும் மாற்றச் சொன்னேன். சக்கரம் எதையாவது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று தூக்கிச் சுற்றிப் பார்த்தார். எல்லாம் பம்பரமாகச் சுற்றின.

"வண்டியில கோளாறு இல்லைங்கம்மா. எதுக்கும் ரெண்டு வாரம் ஓட்டிப் பாருங்க" என்றார்.

அங்கேதான் பார்த்தேன். பின் சீட்டுக் கண்ணாடி இரண்டுக்கும் கறுப்பு வலைத் திரை ஒட்டியிருக்கிறது. பின் சீட்டில் உட்கார எங்கள் வீட்டில் ஆளே கிடையாது. வீட்டுக்கு வந்து இவரைக் கேட்டேன்.

"அக்கா உக்காருது. அதுக்கு வெயில் ஆகறதில்ல."

அக்கா என்பது ருக்மணி, என் நாத்தனார்; நான் நங்கையா என்று கூப்பிடுவேன். பெருந்துறையில் பின்கட்டை வாடகைக்கு விட்டுத் தனியாக இருக்கிறாள். மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஞாயிறு தவறாமல் இவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார், அக்காவைப் பார்க்க. நான் போவதில்லை. எனக்கும் அவளுக்கும் பேசினால் ஆகாது. நாள் முழுக்க மஞ்சள் காட்டில் களை வெட்டியவளுக்கு இப்போது கண்ணாடிக்குள் உட்கார்ந்தாலும் வெயில் ஆகவில்லையாம். நல்ல வேடிக்கை.

ஏப்ரல் 29, திங்கள்

புது ஃபில்டர், புது பிளக். பன்னிரண்டே முக்கால்.

நேராக பெட்ரோல் பங்க் முதலாளியிடமே போனேன். அளவு சரியில்லை என்றேன். அவர் முகம் சுளிக்காமல் ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரத்தை எடுத்து வரச் சொல்லி என் கண் முன்னாலேயே பிடித்துக் காட்டினார். கோடு தொட்டு நின்றது. பின்னால் நின்ற பைக்காரன் ஹாரன் அடித்தான். "உனக்கும் சேத்துத்தான் பாக்கறேன்" என்று அவனிடம் எரிந்து விழுந்துவிட்டு வந்தேன்.

மே 2, வியாழன்

பக்கத்து பிளாட் ஈஸ்வரி தன் பேத்தியின் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டாள். போகவில்லை. குழந்தைகள் கூச்சல் எனக்கு ஆகாது. பால்கனியில் துணி எடுக்கப் போனபோது அவர்கள் வீட்டு ஹால் தெரிந்தது. கேக் வெட்டி முடிக்கும் வரை துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கேக் கொடுக்க வந்தவள் சும்மா போகாமல், "உங்க தாரணி இப்ப எங்கீங்க இருக்குது?" என்று கேட்டாள். திருப்பூர் என்றேன். திருப்பூரில் எந்தத் தெரு என்று கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இந்த வீட்டில் அந்தப் பேச்சு கிடையாது. எங்களுக்கு ஒரே பெண். வேறு சாதி ஆளுகள் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து வாசலில் நின்றாள். அன்றைக்கே சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, இவரை உள்ளங்கையால் அடித்து அணைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினேன். அவள் வீட்டு வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று. இவர் அணைத்தார். கையில் கொப்புளம் வந்தது. தேங்காய் எண்ணெய் நான்தான் போட்டுவிட்டேன். அதோடு முடிந்தது.

அவளுக்குப் பெண் குழந்தை என்று கேள்வி. கேள்விதான். யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் விசாரிக்கவில்லை.

மே 6, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்! பாதியைத்தான், ஆனாலும் கண்டுபிடித்துவிட்டேன்.

வாரம் முழுவதற்கும் ஒரே கணக்காகப் போட்டதுதான் என் முட்டாள்தனம். இந்தத் தடவை சனிக்கிழமை சாயங்காலமே வழிய நிரப்பினேன். திங்கள் காலை மறுபடியும் நிரப்பினேன். திங்கள் முதல் சனி வரை நான் ஓட்டியது தனி, ஞாயிறு இவர் ஓட்டியது தனி. என் கணக்கு பதினேழு, பழையபடி. ஞாயிற்றுக்கிழமை? எட்டுகூட வரவில்லை. பெருந்துறை போய்த் திரும்பும் தூரம் மீட்டரில் சரியாக இருக்கிறது. குடித்த பெட்ரோல்தான் இரண்டு மடங்குக்கு மேலே.

ஆக, நோய் வண்டிக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு.

"உங்க அக்கா ஊட்டுல குடியிருக்கறவனுங்க யாரோ டியூப் போட்டு உறிஞ்சறானுங்க" என்றேன்.

"அவிங்க சைக்கிள்ல போறவிங்க. அவிங்களுக்கெதுக்குப் பெட்ரோலு?"

"பின்ன எங்கீங்க போவுது?"

"எனக்கென்ன தெரியும் சாந்தா" என்று சொல்லிவிட்டு, ஷேவிங் செய்யப் போய்விட்டார். உள்ளே ஏதோ பாட்டு முணுமுணுப்பது கேட்டது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் இவர் பாடி நான் கேட்டதில்லை.

மே 9, வியாழன்

குழம்பு தாளிக்கும்போது பளிச்சென்று தோன்றியது. எப்போதோ ஒரு ஜீப் பில்லை இதே மாதிரி பிடித்திருக்கிறேன். தூரம் சரி, டீசல் மட்டும் அதிகம். விசாரித்தால், அதிகாரி மீட்டிங்கில் இருக்கும்போதெல்லாம் டிரைவர் ஏசியைப் போட்டுக்கொண்டு உள்ளேயே படுத்துத் தூங்கியிருக்கிறான். வண்டி நின்ற இடத்தில் நின்றபடியே குடித்திருக்கிறது. இத்தனை நாள் இது எனக்குத் தோன்றவே இல்லையே. ஓய்வு பெற்றால் மூளையும் ஓய்வு பெற்றுவிடும் போலிருக்கிறது.

வண்டியில் சராசரி வேகம் காட்டும் எண் ஒன்று இருக்கிறது. ஞாயிறு காலையில் அதைச் சுழியாக்கி வைக்கப் போகிறேன்.

மே 13, திங்கள்

மணிக்குப் பத்துக் கிலோமீட்டர். மாட்டு வண்டிகூட இதைவிட வேகமாகப் போகும்.

போகவர நாற்பது கிலோமீட்டர், ஆக எஞ்சின் ஓடியது நாலு மணி நேரம்; ரோட்டில் ஆவது ஒரு மணி நேரம். அப்படியானால் மீதி மூன்று மணி நேரம் இவர் நின்ற வண்டியில், எஞ்சினையும் ஏசியையும் ஓடவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அக்கா வீட்டில் இவருக்கென்றே கயிற்றுக் கட்டில் இருக்கிறது, மேலே ஃபேன் இருக்கிறது. அதை விட்டுவிட்டுக் காரில் எதற்கு? யாரோடு?

ஏசி போட்டு மூடிக்கொண்டு உட்காருகிறவர்கள் தனியாக உட்காருவதில்லை.

இவருடைய நேற்றைய சட்டையை ஊறவைக்கும்போது முகர்ந்து பார்த்தேன். அசிங்கம்தான், ஆனாலும் பார்த்தேன். பவுடர் வாசனை. இவர் பவுடர் போடுகிறவர் இல்லை. அந்த வலைத் திரை எதற்கென்று இப்போது புரிகிறது. அறுபத்து நாலு வயதில், சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு, முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, இந்த மனுஷருக்கு எவள் கிடைத்தாள்? சிரிப்புத்தான் வரவேண்டும். வரவில்லை. சட்டையை அடித்துத் துவைத்ததில் இரண்டு பட்டன் தெறித்துவிட்டது.

மே 15, புதன்

கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வார். பொய்யைக் கேட்டு வாங்கிக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை.

மே 19, ஞாயிறு

இவர் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் நானும் பஸ் ஏறினேன். அக்னி நட்சத்திர வெயில், ஜன்னல் கம்பியைத் தொட முடியவில்லை. கூட்டத்தில் நின்றுகொண்டே போனேன். என் பணத்தில் வாங்கிய காரில் இவர் ஏசியில் போயிருக்கிறார்.

ருக்மணி வீட்டு வாசலில் வண்டி இல்லை. அவள் என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

"வா கண்ணு, வா. தண்ணி குடிக்கறயா? காப்பி வெக்கட்டா?"

"உங்க தம்பி எங்கீங் நங்கையா?"

"இப்பத்தான்... கடைக்கு... வெத்தல வாங்க..."

"ஞாயித்துக்கெழம தவறாம மூணு மணி நேரம் வெத்தல வாங்கறாருங்களா?"

அவள் முந்தானையை முறுக்கினாள். "என்னையக் கேக்காத சாமி. நான் சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கறேன்" என்றாள். ஆனால் அவள் கண் தெருக்கோடிப் பக்கம் போய்த் திரும்பியது. அது போதும் எனக்கு.

தெருக்கோடியில் பள்ளிக்கூட மைதானம். சுவரை ஒட்டி ஒரு வேப்பமரம். மரத்தடியில் என் வண்டி. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஏசித் தண்ணீர் அடியில் சொட்டிச் சொட்டித் தேங்கியிருந்தது. இரண்டு காக்கை அதைக் குடித்துக்கொண்டிருந்தன.

எவளாக இருந்தாலும் கதவைத் திறந்து முடியைப் பிடித்து இழுத்துவிடுவது என்றுதான் போனேன். பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அதில் திரை இல்லை.

தாரணி.

இளைத்துப் போயிருக்கிறாள். முடியைத் தூக்கிக் கட்டியிருந்தாள், எண்ணெய் வைக்காமல். மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மொட்டைத் தலை, காதில் சின்னத் தோடு. இவர் முன் சீட்டிலிருந்து திரும்பி உட்கார்ந்து, குழந்தையின் உள்ளங்காலை விரலால் தடவிக்கொண்டே ஏதோ சொன்னார். அவள் சிரித்தாள். என் பெண் சிரிப்பதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

கையைத் தூக்கினேன், கண்ணாடியைத் தட்ட. தட்டவில்லை. ஏன் என்று தெரியவில்லை. அப்படியே பின்னால் நகர்ந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். வேறு எவளாவது இருந்திருந்தால் எனக்கு இத்தனை வலித்திருக்காது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

இவர் வீட்டுக்கு வந்ததும், "அக்கா உன்னக் கேட்டுச்சு" என்றார். அப்படிங்களா என்றேன்.

மே 20, திங்கள்

இன்றைக்கு பெட்ரோல் போடவில்லை. சாம்பாரில் உப்புப் போடவில்லை. இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

மே 22, புதன்

ருக்மணி அதற்குள் போனில் சொல்லியிருப்பாள். நான் வாயைத் திறக்கக் காத்துக்கொண்டு மூன்று நாளாக வீட்டுக்குள் பூனை மாதிரி நடந்தார். இன்றைக்குக் காப்பி டம்ளரை முன்னால் வைத்துவிட்டுக் கேட்டேன்.

"கற்பூரம் அணைச்சீங்களே, ஞாபகம் இருக்குதுங்களா?"

"இருக்குது."

"அப்பறம்?"

"நான் சத்தியத்த மீறல சாந்தா. அந்த ஊட்டு வாசப்படிய இன்னிக்கி வரைக்கும் மிதிச்சதில்ல. தாரணிதான் வந்து கார்ல உக்காருது."

 ஊரான் பில்லில் ஓட்டை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவள் நான். வாசற்படி என்று ஒரு வார்த்தையைப் போட்டு நானே ஓட்டை வைத்துக் கொடுத்திருக்கிறேன், இந்த அப்பிராணி அதில் புகுந்து இத்தனை நாள் போய் வந்திருக்கிறார்.

மார்ச் கடைசியில் மாப்பிள்ளைக்குப் பெருந்துறைப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார் வேலை கிடைத்துக் குடி வந்தார்களாம். திருப்பூரில் இருந்தவரை தாரணி பஸ்ஸில் அக்கா வீட்டுக்கு வந்து இவரைப் பார்த்துவிட்டுப் போவாளாம். வீடு சிமெண்ட் ஷீட் போட்டது. மத்தியானம் உள்ளே இருக்க முடியவில்லை, குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. காரில் ஏசி போட்டால்தான் தூங்குகிறதாம். அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கம் தாத்தா காரில். பெயர் மகிழினி.

"அக்காளுக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரியும்?"

"ஈஸ்வரிக்குத் தெரியும்" என்றார். பக்கத்து வீட்டுக்காரிக்கு! என்னிடம் வந்து, தாரணி எங்கே இருக்கிறாள் என்று கேட்டது எனக்கு எவ்வளவு தெரியும் என்று ஆழம் பார்க்கத்தான். எனக்கு மட்டும்தான் தெரியாது. ஊரே ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

"வர்ற ஞாயித்துக்கெழம நானும் வர்றேன்" என்றேன்.

இவர் முகத்தில் ரத்தமே இல்லை. சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன். "எடுத்ததும் வேண்டாம் சாந்தா. நான் மொதல்ல அதுகிட்டப் பக்குவமாச் சொல்லிப்போட்டு..." என்று இழுத்தார்.

"என் வண்டில நான் உக்கார எவகிட்டீங்க கேக்கோணும்?"

மே 25, சனி

நாளைக்குப் போகிறேன். பாசத்தில் அல்ல. வண்டி என் பெயரில் இருக்கிறது. அதில் யார் உட்காருகிறார்கள், எத்தனை நேரம் எஞ்சின் ஓடுகிறது என்று நேரில் பார்க்கவேண்டும்.

வெல்லம் கசிந்து போயிருந்தது. வீணாகுமே என்று அரிசி மாவில் பிசைந்து எண்ணெயில் கச்சாயம் சுட்டேன். ஒன்று எடுக்கப் போன இவர் கையைத் தட்டிவிட்டேன்.

மே 26, ஞாயிறு

நிதானமாக எழுதவேண்டும். 

வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினார்.  சாலை காலியாக இருந்தும் இரண்டாவது கியரிலேயே உருட்டினார். தாரணி குழந்தையைத் துண்டால் மூடிக்கொண்டு வேகவேகமாக வந்து பின் கதவைத் திறந்தாள். முன் சீட்டில் என்னைப் பார்த்துக் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"ஏறு. குளிர்ச்சி வெளிய போவுது" என்றேன். இரண்டு வருஷம் கழித்து என் பெண்ணிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். வேறு எது சொல்லத் தெரிந்தது எனக்கு?

ஏறினாள். குழந்தை என்னையே பார்த்தது. மூக்கு எங்கள் அம்மா வழி மூக்கு. கச்சாயத்தைச் சின்னதாகப் பிய்த்து நீட்டினேன். தாயைப் பார்த்தது, அவள் சரி என்று தலையாட்டியதும் வாங்கிக்கொண்டது. என் விரலையும் சேர்த்துப் பிடித்தது. விரலை அதனிடமே விட்டு வைத்தேன். 

"இப்பவாச்சும் வரோணும்னு தோணுச்சுங்களாம்மா?" என்றாள் தாரணி.

சுருக்கென்றது. "கூப்படாத எடத்துக்கு எப்புடி வர்றது?"

"கூப்படலயா?" அவள் குரல் உயர்ந்தது. "புள்ள பொறந்தன்னிக்கே அப்பாகிட்டச் சொல்லியுட்டனே! ஆஸ்பத்திரில வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். அவ செத்தாலும் வரமாட்டேன்னு சொல்லிப்போட்டீங்களாமா. பேரு வெக்கறதுக்குக் கூப்பிட்டேன். எந்திரிச்சு ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டீங்களாமா. போன மாசம் சென்னிமலைல மொட்டையடிச்சுக் காது குத்துனப்ப, நீங்க வரோணும்னு தேதியே தள்ளி வெச்சேன். இன்னொருக்கா அந்தப் பேச்செடுத்தா கெணத்துல உழுந்துருவேன்னீங்களாமா."

நாங்கள் குடியிருப்பது மூன்றாம் மாடி பிளாட். அங்கே கிணறு ஏது?

நான் இவரைப் பார்த்தேன். இவர் ஏசிக் காற்று வரும் துவாரத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார்.

"தாரணி, என் மொகத்தப் பாரு. உங்கப்பா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. ஒருக்காக்கூடக் கேக்கல. உனக்குப் பொண்ணுன்னே நான் ஊரார் சொல்லித்தான் கேட்டேன்."

அவள் என்னை நம்பவில்லை. பிறகு இவரைப் பார்த்தாள். "அப்பா?"

இவர் துவாரத்தைத் திருப்புவதை நிறுத்தவில்லை.

"அப்பா, நீங்க அம்மாகிட்டக் கேக்கவே இல்லீங்களா?"

"கேட்டா என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியுமில்ல கண்ணு" என்றார்.

 தாரணி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். துண்டை எடுக்கவில்லை. வெறும் மொட்டைத் தலையோடு அந்த வெயிலில் குழந்தை எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிற்று. கையில் கச்சாயம் இருந்தது. இவர் இறங்கி, "கண்ணு, துண்டு... துண்டு..." என்று கொஞ்ச தூரம் ஓடினார். அவள் நிற்கவில்லை.

மே 27, திங்கள்

முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன் இந்த மனுஷரோடு. அதிர்ந்து பேசமாட்டார், பொய் சொல்லத் தெரியாது என்று ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். நான் சொல்லாத வார்த்தைகளை என் வாயில் வைத்து என் பெண்ணின் காதில் ஊற்றியிருக்கிறார். அவள் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு வாசலைப் பார்த்த அந்த நேரத்தில் நான் இங்கே என்ன செய்துகொண்டிருந்தேன்? டி.வி. பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

ஏன் என்று கேட்டேன். கத்தினேன் என்பதுதான் சரி. ஈஸ்வரி வீட்டில் டி.வி. சத்தத்தைக் குறைத்தார்கள், நன்றாகக் கேட்கட்டும் என்று இன்னும் கத்தினேன்.

"நீ வந்தா ஒரு வார்த்தை சொல்லுவ. அது எந்திரிச்சுப் போயிரும். அப்பறம் எனக்கும் இல்லாமப் போயிரும். எனக்குன்னு இருந்தது வாரத்துல அந்த மூணு மணி நேரந்தான் சாந்தா. நேத்து அதேதான் நடந்துச்சு, பாத்தீல்ல?"

"நேத்து அவ எந்திரிச்சுப் போனது என் வார்த்தையில இல்ல. உங்க வார்த்தையில."

அதற்குத் தலையை ஆட்டினார். இந்தத் தலையாட்டலைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது.

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? முதல் தடவை மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். இரண்டாம் தடவையும் அதையே சொல்லியிருப்பேன். மூன்றாம் தடவை கேட்பதற்கு என்ன கேடு இந்த மனுஷருக்கு? யாராவது கேட்கமாட்டார்களா என்று நான் இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும்.

மே 30, வியாழன்

இவர் தாரணிக்குப் போன் செய்துகொண்டே இருக்கிறார். அவள் எடுக்கவில்லை. நான் செய்யவில்லை. நம்பர் என்னிடம் இல்லை, இவரிடம் கேட்க மாட்டேன்.

ஜூன் 1, சனி

தாரணி என் போனுக்குக் கூப்பிட்டாள். அவள் கல்யாணத்துக்குப் பிறகு நான் மாற்றிய நம்பர்; ஈஸ்வரியிடம் வாங்கியிருக்கிறாள்.

 "சாப்பிட்டீங்களாம்மா?" என்றாள். அவ்வளவுதான், நான் அழுதுவிட்டேன். அவளும் அழுதாள். பின்னால் மகிழினி ஏதோ கத்துவது கேட்டது.

"நாளைக்கு ஊட்டுக்கே வாங்க. இனி எதுக்குக் கார்ல உக்காந்துக்கிட்டு? அவரும் இருப்பாரு" என்றாள். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "அப்பாவையும் கூட்டிக்கிட்டு வாங்கம்மா. கோவந்தான் எனக்கு, இல்லேங்கல. ஆனா அவரு மட்டும் வல்லீன்னா நான் இந்த ரெண்டு வருசத்துல செத்துப் போயிருப்பேன். கட்டாயம் கூட்டிக்கிட்டு வாங்க" என்றாள்.

சரி என்றேன்.

ஜூன் 2, ஞாயிறு

காலையில் எழுந்து பார்த்தால் இவர் குளித்து, வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். நேற்று போன் வந்ததை பால்கனியிலிருந்து பார்த்திருக்கிறார். ஆனால் கேட்கத் தைரியம் இல்லை. நான் கச்சாய டப்பாவைப் பையில் வைக்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"தாரணிதான பேசுச்சு?"

"ஆமாங்க."

"என்னைய... எதாச்சும் கேட்டுச்சா?"

நான் அவரைப் பார்த்தேன். கழுத்துப் பட்டன் வரை போட்டிருந்தார். ஷேவ் செய்த இடத்தில் லேசாக வெட்டியிருந்தது. ஆஸ்பத்திரி வாசலும், சென்னிமலையும், கிணறும் ஒன்றன் மேல் ஒன்றாக எனக்குள் ஏறிக்கொண்டு வந்தன.

"உங்கள வர வேண்டாம்னு சொல்லிப்போட்டா" என்றேன்.

"அப்புடியேவா சொன்னா?"

"உங்க மொகத்துல முழிக்கவே மாட்டாளாமா."

இவர் சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

பெருந்துறை ரோட்டில் நான் தனியாக ஓட்டிப் போவது இதுவே முதல் தடவை. ஒரு லாரியையும் முந்தவில்லை. அந்த வீட்டைக் கண்டுபிடித்து, வண்டியை அணைத்துவிட்டு, டப்பாவோடு படி ஏறினேன். மாப்பிள்ளை எழுந்து நின்று கும்பிட்டார். மகிழினி தவழ்ந்து வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். தாரணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு என் தோளுக்கு மேலே எட்டி வாசலைப் பார்த்தாள்.

"அப்பா எங்கம்மா?"

"நானும் எத்தனையோ சொல்லிப் பாத்தேன் கண்ணு" என்றேன். "வரமாட்டேன்னுட்டாரு."

அவள் கொஞ்ச நேரம் வெறும் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "சரி, நீங்க உள்ள வாங்கம்மா" என்றாள். நம்பிவிட்டாள்.